கையெழுத்து யாருடையது? ஓர் ஊருணிக் குழு தலைவரைத் தேர்ந்த விதமும் வேலையை வகுத்த விதமும்

பின்னணி

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய செட்டிநாட்டு ஊர் அது. பெயரைத் தவிர்க்கிறேன். ஊருணியும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளும் இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் எது? நான் அங்கே பிறந்தவன். சென்னையில் சட்டமன்றக் குழுக்களுக்குக் கோப்பு எழுதும் வேலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். இந்தக் குழுவில் நான் உறுப்பினன் அல்லன். குறிப்பு எழுதுவதற்காக உட்கார வைக்கப்பட்டவன். கீழே வருபவை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை.

ஊருணி, நகரத்தார் முன்னோர் வெட்டி வைத்தது. நான்கு பக்கமும் செம்புறாங்கல் படிகள். எங்கள் பூமிக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் சித்திரையில் தண்ணீர். வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்று பிரித்தார்கள். வீட்டு முற்றத்தில் விழும் மழைகூடத் தெரு வடிகால் வழியே நீர்நிலைக்குப் போகும்படி தெருக்களை வகுத்தார்கள். பிறகு குழாய் வந்தது. ஊருணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக மழை நன்றாகப் பெய்தும் ஊருணியில் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு பணம் திரட்டித் தூர்வாரத் தொடங்கியது. பாதியில் நின்றது. தலைவர் காலமானார், அடுத்த ஆண்டே பொருளாளரும் போய்விட்டார். ரசீதுப் புத்தகங்கள் அடங்கிய ஒரு டிரங்குப் பெட்டி பொருளாளர் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் பூட்டியபடியே இருந்தது. கணக்கு ஒருமுறைகூட ஊரார் முன் வாசிக்கப்படவில்லை. யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. ஆனால் ஊருணிப் பேச்சு எடுத்தாலே, "அந்தப் பெட்டி என்ன ஆயிற்று?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பம் 4 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னபோது புதிய குழு தேவைப்பட்டது. ஊராட்சி ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. நகரத்தார் வீடுகளிலிருந்து ஆறு பேர், மேலத்தெரு, கீழத்தெரு விவசாயக் குடும்பங்களிலிருந்து ஆறு பேர், காலனியிலிருந்து மூன்று பேர், மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர் என்று பதினேழு பேர் சேர்ந்தார்கள். நகரத்தார் அறுவரில் நால்வர் வெளியூர்வாசிகள்.

முதல் இரண்டு கூட்டங்களில் கண்டது

வைகாசியில் முதல் கூட்டம், ஒரு பெரிய வீட்டு முகப்பில். மெருகு குலையாத ஆத்தங்குடித் தரை, பர்மா தேக்குத் தூண்கள், எல்லாருக்கும் பாய். காலனியிலிருந்து வந்த மூன்று பேரும் கடைசிவரை வாசல் படிக்கு மேல் ஏறவில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏறுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அன்று இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனே தவிர, வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

கூட்டம் 110 நிமிடம் நடந்தது. பழைய பழக்கத்தில் ஓரத்தில் நேரம் குறித்துக்கொண்டே வந்தேன். தண்ணீரைப் பற்றிப் பேசியது ஆறு நிமிடம். மீதியெல்லாம் யார் தலைவர் என்பதுதான். இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒருவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்று காரைக்குடியில் குடியிருப்பவர். நன்கொடை தரும் குடும்பத்துக்குப் பங்காளி முறை. மற்றவர் கீழத்தெரு விவசாயி. முன்பு ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர். ஊருணிக் கரையில் வீடு.

ஆனியில் இரண்டாவது கூட்டம், அதே முகப்பில். போட்டி வேண்டாம், ஊர்ப் பெரியவரைத் தலைவராக உட்கார வைப்போம் என்றார் ஒருவர். எண்பத்தொரு வயதுக்காரர் அவர். "எனக்கு ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பதைப் பார்த்து இரண்டு பக்கமும் மாறி மாறி உட்காருவீர்கள். என்னை விட்டுவிடுங்கள்" என்றார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் குடவோலை முறையைச் சொன்னார். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை. முப்பது குடும்பு, அதாவது ஊர்ப் பிரிவுகள், பெயர் எழுதிய ஓலை, குடம், ஓலையை எடுக்கும் சிறுவன் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனவர், "வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடத்தில் பெயர் போடவே தகுதி இல்லை" என்றதும் முகப்பு அமைதியாகிவிட்டது. பழைய பொருளாளரின் தங்கை மகன் நான்காவதாக உட்கார்ந்திருந்தார். அவரும் குழு உறுப்பினர். ஆசிரியர் வேண்டுமென்று சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சொல் விழுந்துவிட்டது. காப்பி வந்தது, கூட்டம் கலைந்தது.

குடவோலையைப் பற்றி என் கருத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சீட்டுக் குலுக்குவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, குலுக்குவதற்கு முன் வயது, சொத்து, கணக்கு என்று அவர்கள் வடிகட்டியதை மறந்துவிடுகிறோம். வடிகட்டாமல் குலுக்கினால், வேலை செய்ய விருப்பமே இல்லாதவர் பெயரும் வரும்.

எதற்காகச் சண்டை என்று பார்த்தது

அடுத்த பத்து நாட்களில் இரு வேட்பாளர்களையும் தனித்தனியே போய்ப் பார்த்தேன். இருவரிடமும் ஒரே கேள்வி: தலைவரானால் என்ன செய்வீர்கள்?

வங்கியாளர், "முதலில் செக் புத்தகம் ஒழுங்கான கையில் இருக்க வேண்டும்" என்றார். விவசாயி, "போன முறையும் பெரிய வீட்டுத் தலைமைதான். கையெழுத்து அவர்களுடையது, சேறு எங்களுடையது. இந்த முறை கையெழுத்து எங்களிடம் இருக்கட்டும் அண்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இருவரும் நாற்காலிக்குச் சண்டை போடவில்லை. காசோலைப் புத்தகத்துக்குச் சண்டை போட்டார்கள். ஊர்ப்பக்கத்தில் தலைவர் என்றால் பணத்தில் கையெழுத்துப் போடுகிறவர். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி இல்லை. சட்டமன்ற, நாடாளுமன்றக் குழுத் தலைவர் பெட்டிச் சாவி வைத்திருப்பவர் அல்லர். கூட்டத்தைக் கூட்டுவார், நடத்துவார், வாக்கு சமமானால் இன்னொரு வாக்கு போடுவார், அறிக்கையில் கையெழுத்திடுவார். அவருடைய உண்மையான பலம், எந்தப் பொருளை எப்போது எடுப்பது என்பதில் இருக்கிறது.

அங்கேயும் எல்லா நாட்டிலும் தேர்தல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் மக்களவையில் குழுத் தலைவரை உறுப்பினர்களிலிருந்து சபாநாயகர் நியமிக்கிறார். பொதுக் கணக்குக் குழுவின் 22 உறுப்பினர்களும் இரு அவைகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள்தாம், ஆனால் தலைவர் நியமனம். அந்த இடம் எதிர்க்கட்சிக்கு என்பது 1967 முதல் மரபு. பிரிட்டனில் 2010 முதல் பெரும்பாலான தெரிவுக்குழுத் தலைவர்களை மக்களவை முழுவதும் ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறது. கனடாவில் குழுவே தன் தலைவரைத் தேர்கிறது. அந்தத் தேர்தலை நடத்துபவர் உறுப்பினர் அல்லாத குழுச் செயலர். தேர்தல் முடியும்வரை வேறு எந்தத் தீர்மானத்தையும் அவர் ஏற்கக் கூடாது. ஆளுங்கட்சிக்காரர் தலைவரானால் முதல் துணைத் தலைவர் எதிர்க்கட்சிக்காரர்.

எங்கள் ஊரில் நியமிக்க சபாநாயகர் இல்லை. நன்கொடையாளர் நியமித்தால் அன்றே குழு உடைந்துவிடும். ஆகவே கனடா வழிதான் பொருந்தியது: ஓட்டு இல்லாத நான் தேர்தலை நடத்துவது, தோற்ற பக்கத்துக்குத் துணைத் தலைமை.

தேர்தலுக்கு முன் ஒரு பக்கம்

வாக்கெடுப்புக்கு முன்பே தலைவரின் வேலை என்ன, எது அவர் வேலை அல்ல என்று ஒரே பக்கத்தில் எழுதி, பதினேழு பிரதிகள் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். காசோலையில் தலைவர் கையெழுத்து இல்லை. பொருளாளரும் வேறு தெருவைச் சேர்ந்த இன்னொருவரும் சேர்ந்து போட வேண்டும். ரசீதுப் பெட்டி எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. கூட்டத்தில் எவற்றை எடுப்பது என்ற பட்டியலை, அதாவது பொருள்நிரலை, தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து தயாரிக்க வேண்டும்; 48 மணி நேரத்துக்கு முன் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும்; அதன்பின் புதிய பொருள் நுழையக் கூடாது. தலைவர் கூட்டாமல் இழுத்தடித்தால் ஐந்து பேர் கையெழுத்திட்டுக் கேட்கலாம். ஏழு நாட்களுக்குள் கூட்டியாக வேண்டும். கனடாவில் நான்கு உறுப்பினர் கேட்டால் ஐந்து நாட்களுக்குள் கூட்ட வேண்டும் என்றிருக்கிறது. வெளியூர்க்காரர்களை நினைத்து நாட்களைக் கொஞ்சம் தளர்த்தினேன். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இருக்க வேண்டியவர்கள், மக்களவைக் குழுக்களைப் போல மூன்றில் ஒரு பங்கு: ஆறு பேர். பதவிக்காலம் ஓராண்டு.

துணைத் தலைவர் பத்தியைப் படித்த விவசாயி, "எதிர்க்கட்சி என்று எங்களை எழுதிவிடாதீர்கள், ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்" என்றார். "இரண்டாவதாக அதிக வாக்கு பெற்றவர்" என்று மாற்றினேன். மேலான திருத்தம் அது.

இடத்தையும் மாற்றினோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் வகுப்பறை. மகளிர் குழுவைச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் யோசனை சொன்னார். அவர் சொன்ன காரணம், "அங்கே மின்விசிறி இருக்கிறது". உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும்.

தேர்தல் நாள்

ஆடி மாத ஞாயிறு, காலை பத்தரை மணி. மூன்றாம் வகுப்பு பெஞ்சுகள். முழங்கால் இடிக்க எல்லாரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்தோம். பதினான்கு பேர் நேரில். இருவர், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், செல்பேசியில் காணொளியாக. ஒருவர் வரவில்லை.

நான் மேசைக்குப் பின் நின்றதும் ஒருவர் எழுந்து பழைய பெட்டிக் கணக்கைக் கேட்டார். தலைவர் தேர்வைத் தவிர வேறு எதையும் எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். "எட்டு வருடமாக எல்லாரும் இதைத்தான் சொல்கிறீர்கள்" என்றார். நியாயம்தான். தலைவர் உட்கார்ந்ததும் முதல் பொருள் அதுதான் என்று குறிப்பேட்டில் எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே அமர்ந்தார்.

அடுத்து நான் சறுக்கினேன். காணொளியில் இருக்கும் இருவருக்கும் ஓட்டு உண்டா? நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ரகசியச் சீட்டு அவர்களால் போட முடியாது என்பதால் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருவரும் வங்கியாளர் பக்கம் என்பது ஊரறிந்த விஷயம். 2020இல் கொரோனா நேரத்தில் நம் நாடாளுமன்றக் குழுக்கள் காணொளியில் கூட அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. பிரிட்டனும் கனடாவும் அதே ஆண்டு காணொளியில் கூடின. இரண்டு பக்கமும் நியாயம் சொல்லலாம். தவறு முடிவில் இல்லை. ஓட்டுப் போட ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஓட்டே இல்லாத ஒருவன் தனியாக முடிவெடுத்ததில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு பெயர் முன்மொழியப்பட்டது: மின்விசிறி யோசனை சொன்ன அந்தப் பெண்மணி. மகளிர் குழுவின் கணக்கை ஒன்பது ஆண்டுகளாக எழுதுபவர். ஒரே அளவில் வெட்டிய காகிதம், ஒரே நிறப் பேனா, மூடியில் கீறல் போட்ட பிளாஸ்டிக் டப்பா. வெற்றி பெற, பதிவான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி மறுபடி வாக்கெடுப்பு. முதல் சுற்றில் விவசாயிக்கு 6, வங்கியாளருக்கு 5, அந்தப் பெண்மணிக்கு 3. இரண்டாம் சுற்று 7–7.

சமன் வந்தால் என்ன செய்வது என்பதும் பக்கத்தில் இல்லை. தலைவரே இல்லாதபோது தலைவரின் கூடுதல் வாக்கு எங்கிருந்து வரும்? தமிழாசிரியர் முகம் மலர்ந்தது. "குடம் கொண்டுவரலாமா?" என்றார். பள்ளிச் சமையலறையிலிருந்து ஒரு சிறிய செம்பைக்கூட யாரோ எடுத்து வந்துவிட்டார்கள்.

அப்போது வங்கியாளர், "துணைத் தலைவர் வேலையை இன்னொரு முறை வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். பொருள்நிரலைச் சேர்ந்து தயாரிப்பது, தலைவர் இல்லாதபோது நடத்துவது. "செக்கில் தலைவர் கையெழுத்து இல்லை, அதுதானே?" இல்லை என்றேன். "அப்படியானால் அவரே இருக்கட்டும். நான் துணையாக இருக்கிறேன்." செம்பு சமையலறைக்கே திரும்பிப் போனது.

நான் எழுதிய பக்கத்துக்குக் கிடைத்த வெற்றி என்று அன்று எனக்குள்ளே கொஞ்சம் பெருமை. ஆறு மாதம் கழித்து அவரே சொன்னார்: தலைவர் என்றால் இரவு பத்து மணிக்கு மேலும் போன் வரும், துணைத் தலைவருக்கு வராது, பேசும் பொருளில் பாதிப் பிடி இருக்கிறது, அது போதும் என்று கணக்குப் போட்டாராம். நான் நினைத்த காரணம் வேறு, அவருடைய காரணம் வேறு. ஆனாலும் கையெழுத்து நாற்காலியோடு ஒட்டியிருந்தால் அந்தக் கணக்கை அவர் போட்டிருக்க மாட்டார்.

பொருளாளர் தேர்வுக்குப் போட்டி இல்லை. மூன்று வாக்கு பெற்ற பெண்மணியை எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

வேலையை வகுத்தது

தலைவரும் துணைத் தலைவரும் பொருளாளரும் இன்னும் இருவரும் சேர்ந்த ஐவர் துணைக்குழு வேலைத் திட்டத்தை வகுத்து முழுக்குழுவிடம் வைப்பதென்று முடிவானது. உறுப்பினர்களிடம் துண்டுச் சீட்டில் பொருள் கேட்டோம். பதினொன்று வந்தன: பழைய கணக்கு, வரத்துக்கால், தூர்வாருதல், படிகளைச் சீர்செய்தல், வேலி, விளக்கு, சீமைக்கருவேலம் அகற்றுதல், மீன் குத்தகை, பிள்ளையார் கோயில் மேடை, நடைபாதை, "நன்கொடையாளர் பெயர்க் கல்".

ஓராண்டுக் குழு பதினொன்றையும் எடுத்தால் ஒன்றும் முடியாது. டெல்லியில் அமைச்சகங்களின் வேலையை ஆராயும் நாடாளுமன்றத்தின் 24 துறைசார் நிலைக்குழுக்களுக்கும் பதவிக்காலம் ஓராண்டுதான். புதிதாக அமையும்போது பொருளைத் தேர்வதே அவற்றின் முதல் வேலை. ஆண்டு முடிவில் பாதியில் நிற்கும் பொருள்கள் எந்தக் குழுவுக்கும் புதிதல்ல. எங்கள் துணைக்குழு மூன்றை எடுத்தது: பழைய கணக்கு, வரத்துக்கால், தூர்வாருதல். மீதி எட்டையும் அடுத்த குழுவுக்கு என்று தனித்தாளில் எழுதி வைத்தோம். பெயர்க் கல்லை அந்தத் தாளில் எழுதியபோது துணைத் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மட்டும் மூடி வைத்தார்.

வரிசையில்தான் வாதம். தூர்வாரினால் கண்ணுக்குத் தெரியும், தைக்குள் படம் எடுத்து அனுப்பலாம் என்பது ஒரு கட்சி. தண்ணீர் வரும் வழி அடைந்திருக்கும்போது பள்ளத்தை ஆழமாக்கி என்ன பயன் என்பது மற்றொரு கட்சி. பழைய கணக்கை முதலில் வைக்கச் சொன்னது பொருளாளர்: "அதை முடிக்காமல் நான் ரசீது கிழித்தால் ஒருவரும் பத்து ரூபாய் தர மாட்டார்கள்." கணக்குக்கு இரண்டே கூட்டம், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட இல்லை என்ற வரம்போடு அந்த வரிசை நிறைவேறியது.

கூட்ட நாட்களை வெளியூர்க்காரர்கள் வரும் நாட்களோடு பொருத்தினோம்: மார்கழியில் பிள்ளையார் நோன்பு, தையில் பொங்கல், இடையில் கோயில் காரியங்கள். நல்ல ஏற்பாடு என்றே அன்று தோன்றியது.

பெட்டியைத் திறந்தது

ஆவணியில் டிரங்குப் பெட்டி பள்ளிக்கு வந்தது. பச்சைப் பெயின்ட், ஒரு பக்கக் கீல் துருப்பிடித்தது. பழைய பொருளாளரின் தங்கை மகனே கொண்டுவந்து வைத்துவிட்டு, இந்தப் பொருள் முடியும்வரை வாக்களிக்க மாட்டேன் என்று சொல்லிச் சுவரோரம் போய் அமர்ந்தார். உள்ளே மூன்று ரசீதுப் புத்தகங்கள், காய்ந்துபோன முத்திரை மை டப்பா, ரப்பர் பேண்டு ஒட்டிக்கொண்ட ஒரு டைரி. டைரியில் நாள்தோறும் ஜேசிபி எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல், டீ, வடை என்று பென்சிலில் எழுதியிருந்தது.

பொருளாளர் சத்தமாக வாசிக்க, வங்கியாளர் கூட்டினார். செலவில் 11,350 ரூபாய்க்கு ரசீது இல்லை. ஆனால் வரவைவிடச் செலவு 9,000 ரூபாய் அதிகம். அந்த ஒன்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, டைரியின் கடைசிப் பக்கத்தில் "கையிலிருந்து" என்று ஒரே சொல் இருந்தது. இறந்தவர் தன் பணத்தைப் போட்டிருக்கிறார். வகுப்பறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. சுவரோரம் இருந்தவர் வெளியே எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ரசீது இல்லாத தொகையைப் பதிவு செய்து கணக்கை முடித்தோம். ஒரு உறுப்பினர் ஒப்பவில்லை. பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்களின் அறிக்கைகளில், ஒப்பாத உறுப்பினரின் மாறுபட்ட கருத்தைச் சேர்ப்பதில்லை. துறைசார் நிலைக்குழுக்களில் சேர்க்கலாம். இரண்டாவது வழியைப் பின்பற்றி, அவர் கருத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி இணைத்தோம். கணக்கு பள்ளிச் சுவரில் ஒரு வாரம் ஒட்டப்பட்டிருந்தது. பெட்டி என்ன ஆயிற்று என்று அதன்பின் ஒருவரும் கேட்டு நான் கேட்கவில்லை.

வரத்துக்கால்

அடுத்த ஞாயிறு கிராமப் புலப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரத்துக்கால் வழியே நடந்தோம். ஒன்பது பேர். படத்தில் கோடு நேராகப் போகிறது, தரையில் சீமைக்கருவேலம். சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலத்தின் வாயில் பழைய சிமென்ட் மூட்டைகள் கல்லாகி அடைத்துக்கொண்டிருந்தன. அதைத் தாண்டினால் வரத்துக்காலின் மேலேயே ஒரு மாட்டுக் கொட்டகை. சொந்தக்காரர் குழு உறுப்பினர் ஒருவரின் தம்பி.

தனக்குத் தனிப்பட்ட ஆதாயம் உள்ள விஷயத்தை விசாரிக்கும் குழுவில் ஒருவர் இருக்கலாமா என்ற ஆட்சேபத்துக்கு மக்களவை விதிகளிலும் இடம் இருக்கிறது. இங்கே யாரும் ஆட்சேபிக்கும் முன்பே அந்த உறுப்பினர், "கொட்டகைப் பொருளில் நான் உட்காரவில்லை" என்றார். பெட்டியைக் கொண்டுவந்தவர் செய்ததைப் பார்த்து வந்த பழக்கம் அது. தலைவரும் துணைத் தலைவரும் தம்பியைப் போய்ப் பார்த்தார்கள். மூன்று முறை போனார்கள். நான்காம் முறை அவரே கொட்டகையை நான்கு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். பாலத்து அடைப்பைப் புரட்டாசிக் கடைசியில் கடப்பாரையால் உடைத்து எடுத்தார்கள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் இரவெல்லாம் மழை. விடியற்காலையில் கரையில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். செந்நிறத் தண்ணீர் வரத்துக்காலில் குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து ஊருணியில் விழுந்தது. கார்த்திகை முடிவில் கீழிருந்து ஒன்பது படிகள் மூழ்கியிருந்தன.

தவறிய இடம்

தண்ணீர் வந்ததால் தூர்வார முடியவில்லை. மண் எடுக்க அரசு அனுமதிக்கு ஆவணியில்தான் விண்ணப்பித்தோம். அனுமதி கார்த்திகையில் வந்தபோது ஊருணி நிறைந்திருந்தது. நன்கொடைக் குடும்பம் தையில் வந்து பார்த்துவிட்டு, தூர்வாரும் வேலை தொடங்கட்டும், மீதியைத் தருகிறோம் என்று 2 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டது. பங்குனியில் தண்ணீர் வற்றியதும் தொடங்கி, கிழக்குப் பாதியை மட்டும் முடித்தோம்.

ஆட்கள் வரும் நாட்களைப் பார்த்துப் பொருத்திய நாங்கள், மழை வரும் நாளையும் அனுமதி வரும் நாளையும் பார்க்கவில்லை. கனமான தவறு இது, என்னுடையதும்கூட. குழுக்களின் நாட்காட்டியை முப்பது ஆண்டுகள் வகுத்தவன், அவை கூடும் நாளைப் பார்த்தே பழகியவன். மழையைப் பார்க்கத் தோன்றவில்லை.

மாசியில் வேறொரு சிக்கல். மீன் குத்தகையை இப்போதே எடுக்கலாம் என்றார் தலைவர். வேண்டாம் என்றார் துணைத் தலைவர். இருவரும் சேர்ந்துதான் பொருள்நிரல் என்று எழுதியிருந்ததால் மூன்று வாரம் அறிவிப்பே போகவில்லை. ஐந்து கையெழுத்து விதி அப்போதுதான் முதன்முதலில் பயன்பட்டது. கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனவர் காலனி உறுப்பினர் ஒருவர். முதல் கூட்டத்தில் படி ஏறாத மூவரில் அவரும் ஒருவர்.

மாற்றியவையும் மாற்ற நினைப்பவையும்

ஆண்டுக் கூட்டத்தில் பக்கத்தைத் திருத்தினோம். காணொளியில் இருப்பவர் பேசலாம். கோரத்திலும் ஓட்டிலும் சேர்க்கப்பட மாட்டார். முதல் தேர்தலிலேயே இது எழுதப்பட்டிருந்தால் சிங்கப்பூர்க்காரர் டிக்கெட் எடுத்து வந்திருப்பார். முடிவும் வேறாக இருந்திருக்கலாம். அதை அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். தேர்தலில் சமன் வந்தால் சீட்டுக் குலுக்கல் என்று தமிழாசிரியர் விருப்பப்படி சேர்த்தாயிற்று. பொருள்நிரலில் தலைவரும் துணைத் தலைவரும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பொருளையும் போட்டுவிட்டு, எதை எடுப்பது என்று கூட்டமே முடிவு செய்யும். வேலைத் திட்டத் தாளின் இடப்பக்கத்தில் இனி மழை மாதங்களும் அனுமதிக்குத் தேவையான நாட்களும் முதலில் எழுதப்படும். ஆட்கள் வரும் நாள் அதன் பிறகு.

மறுபடி செய்தால் பெட்டியைத் திறப்பதைத் தேர்தலுக்கு முன்பே செய்திருப்பேனா என்று யோசிக்கிறேன். திறந்திருந்தால் சந்தேகமே இல்லாமல் தேர்தல் நடந்திருக்கும். ஆனால் தலைவர் இல்லாத கூட்டத்தில் அந்த டைரியை யார் வாசிப்பது, யார் அமைதியாக இருக்கச் சொல்வது? இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

தலைவர் இரண்டாம் முறை போட்டியின்றித் தேர்வானார். பெட்டி பள்ளித் தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று பொருளாளரிடம், மற்றொன்று தங்கை மகனிடம். சென்ற கூட்டத்தன்று அவர் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். சாவியும் அவர் சட்டைப் பையில் போயிருந்தது. காலை பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருப்பதாகப் போனில் சொன்னார். பதினோரு பேர் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பூட்டை உடைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.